கரித்தூள் என்று நினைத்தது

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
9.7.2001

அன்பு மகள் பிலோவுக்கு அப்பா எழுதுவது. அம்மா சுகம், தம்பி பென்னி சுகம், அவனுக்குக் கணக்குப் பாடத்தில் மட்டும் சுகமில்லை. புனேயில் நீ சுகமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு எப்போதும் விஷயத்துக்குப் போய்விடுவேன், இந்த முறை அந்தக் கேள்விதான் விஷயமே. நேற்று அம்மா உன் ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, அப்பா கொடுத்த வலி மாத்திரையை இனிமேல் தொடாதே என்று சொன்னாள். ஏன் என்று நீ கேட்டதற்கு அப்பாவே எழுதுவார் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் ஆட்கள் நிற்கும்போது வாயைத் திறக்க வரவில்லை. வயசுக்கு வந்த மகளிடம் இதை எழுதவும் கூசுகிறது. எழுதாவிட்டால் உனக்கு ஆபத்து, அதனால் சுற்றி வளைக்கப் போவதில்லை, முகம் சுளிக்காமல் படி.

போன வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன், பயப்படாதே. முதுகுவலிக்கு நான் மாத்திரை போடுவது உனக்குத் தெரியும். கன்வேயரில் குனிந்து குனிந்து ரோலர் மாற்றுகிற வேலை, காலை ஷிப்டுக்கு வெறும் வயிற்றில் ஒரு டீயும் மாத்திரையும், கடைக்காரன் கொடுப்பான் நான் விழுங்குவேன், எந்த டாக்டரும் எழுதித் தந்ததில்லை. நடுவயிற்றில் எரிச்சல் வந்தது, ரோஸ் கலர் மருந்தைக் குடித்து அமுக்கினேன். பிறகு வெளிக்குப் போனால் கறுப்பாக வர ஆரம்பித்தது, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றம். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை பிலோ. எண்ணூரில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் நிற்கிறவனுக்கு மூக்கைச் சிந்தினால் கறுப்பு, காறித் துப்பினால் கறுப்பு, விழுங்கின தூள் கீழேதானே போக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஃபிட்டர் ஷாகுல் ஹமீதிடம் ஜாடையாகச் சொன்னபோது, "கரிய துன்னா கரிதான் மாமு வரும், பொட்லம் கட்டி வூட்டுக்கு எட்துகினு போ, அடுப்பு எரிக்கலாம்" என்றான். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பேரிங் லேசாகச் சூடானாலே பெல்ட்டை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறவன் நான், டிப்ளமோ வேறு.

தலை சுற்றலை வெயில் என்றேன், மூச்சு வாங்கியதைத் தூசி என்றேன். செவ்வாய்க்கிழமை பெல்ட் ஓடுகிற கேலரிக்குப் போகிற ஏணியில் ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே பேண்ட்டில் போய்விட்டது. நான் தினமும் திட்டி வேலை வாங்குகிற பசங்கள் சுற்றி நிற்கிறார்கள். ஷாகுல் தன் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டு, "போங்கடா, இங்க இன்னா படமா ஓடுது" என்று அவர்களை விரட்டினான். அந்த முகங்களை இனி எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அதைவிட வெட்கம் அடுத்து ஆஸ்பத்திரியில் நடந்தது. டாக்டர் ஜீனத் என்று ஒரு சின்னப் பெண், உனக்கு அக்கா மாதிரி இருப்பாள், மலம் என்ன நிறம் என்று கேட்டாள். உயிர் போகிற நேரத்திலும் நான் சாதாரணமாகத்தான் போகிறது என்றேன். ஷாகுல்தான் குறுக்கே புகுந்து, "பொய் சொல்றாரு மேடம், தாராட்டம் கறுப்பா போய்கினு கீது, நாங்க கரித்தூளுன்னு நெனச்சிகினு இருந்தோம்" என்று உடைத்தான். அவள் சிரிக்கவில்லை. அது தூள் இல்லை, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், இறங்கி வரும் வழியில் கறுத்துவிடும் என்றாள். ரத்தம் ஏற்றினார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். அந்த மாத்திரை செய்த வேலை. அம்மா அழுதுகொண்டே, "இத்தினி நாளா கக்கூஸ நீயே கயுவிகினு இருந்தியேய்யா, புருஷன் திருந்திட்டான்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேனே" என்றாள். வார்டே சிரித்தது.

இப்போது உன் விஷயம். மாதாமாதம் வருகிற வலிக்கு என்று நான் கவரில் போட்டு அனுப்பினேனே, அது இதே மாத்திரைதான். ஈஸ்டருக்கு வந்து போன பிறகு நீ போனில் வயிறு எரிகிறது என்றாய். நான் அம்மா கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, காரத்தைக் குறை, சோடா குடி, இதற்கெல்லாம் டாக்டரா என்றேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டதா, இல்லை என் வாய்க்குப் பயந்து அடங்கிவிட்டாயா, எனக்குத் தெரியவில்லை. அந்த மாத்திரைகளைக் குப்பையில் போடு. டாக்டரிடம் நானே கேட்டு வந்ததைச் சொல்கிறேன். என்றைக்காவது பிரியாணி சாப்பிட்டு நெஞ்சு கரித்தால், ஊர்த் தண்ணீர் மாறி ரெண்டு நாள் மலம் இறுகினால், அதற்கு ஓட வேண்டாம், தண்ணீர், பழம், கீரை, நேரத்துக்குச் சாப்பாடு போதும். எரிச்சல் ரெண்டு வாரம் விடாமல் இருந்தாலோ, வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, சாப்பிட்டும் உடம்பு இளைத்தாலோ தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. தார் மாதிரிக் கறுப்பு, மலத்தில் சிவப்பு, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, இதில் எது வந்தாலும் வேலையை விட்டுவிட்டு அந்த நிமிஷமே போ. நீ சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்குமாம், அதனால்தான் என்று நீயே முடிவு கட்டாதே, அப்படி முடிவு கட்டினவன் லட்சணம் மேலே எழுதியிருக்கிறது. இந்தி வராதே என்று கூச்சப்படாதே. பம்பாயில் இருந்த ஷாகுலிடம் கேட்டு வைத்திருக்கிறேன், "பேட் மே ஜலன், லாட்ரின் காலா ஆதா ஹை", வயிறு எரிகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று அர்த்தம். யாருக்கு மாமு என்று கேட்டான், என் பொண்ணுக்கு என்றேன், அதற்கு மேல் அவன் கிண்டல் பண்ணவில்லை.

எனக்கு மருந்து போகிறது, கஞ்சியும் இட்லியும் தின்கிறேன், மறுபடி குழாய் விடுவார்கள், போவேன். பென்னியிடம் இதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், சாயங்கால ஜெபத்தை விடாதே, ராத்திரிச் சாப்பாட்டையும் விடாதே.

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் நான்தான் முதலில் பேசுவேன். வயிறு எப்படி, என்ன நிறம் என்று கேட்பேன், பின்னால் ராயபுரமே நின்றாலும் சத்தமாகவே கேட்பேன். வார்டன் பக்கத்தில் இருந்தாலும் நீ மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
அ. தேவப்பிரியம்