ஞாயிற்றுக்கிழமை உப்பாத வயிறு

பாப்பாவின் அம்மாவுக்கு,

பேசாமல் இருந்தது போதும். எட்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். போனில் நீ ஒரு "ம்" சொல்லிவிட்டு மகளிடம் கொடுத்துவிடுகிறாய். அவளும் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். கடிதத்தை அப்படி பாதியில் யாரும் கைமாற்ற முடியாது. பேரன் தவழ ஆரம்பித்திருப்பான். இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

தலைமையாசிரியர் பதவி இந்த முறையும் எனக்கில்லை. என்னைவிட ஆறு வயது இளைய கணக்கு வாத்தியாருக்குப் போய்விட்டது. பாராட்டுக் கூட்டத்தில் என்னையே பேசச் சொன்னார்கள். பேசினேன், கைதட்டினார்கள். நீ இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து யாரிடம் கத்தியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

வயிற்றைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். நீ போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறைக்கவில்லை, அப்படித்தான் நினைத்தேன். மறுநாளிலிருந்து பள்ளி கேன்டீனில் சாப்பிட்டேன். மூன்று மணி ஆனதும் பழையபடி வயிறு மத்தளம். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் எனக்கு பலூன் சார் என்று பேர் வைத்திருப்பதும் தெரியும்.

டாக்டரிடம் போங்க, போங்க என்று ஒன்றரை வருடம் நீ சொன்னாய். என் சொந்த வயிறு எனக்குத் தெரியாதா என்றேன். அப்பாவுக்கும் இப்படி உப்பிக்கொண்டுதான் ஆரம்பித்தது. அவர் கிடந்த அந்தக் கட்டிலை நினைத்துக்கொண்டு நான் எந்த டாக்டர் வாசலை மிதிப்பேன்? அதை உன்னிடம் சொல்லவில்லை. உப்பு ஜாஸ்தி, எண்ணெய் ஜாஸ்தி, கிழங்கு வேகவில்லை என்று மட்டும் சொன்னேன். நீ பாலை நிறுத்தினாய். பிறகு வெங்காயம், பிறகு பயறு. உனக்கு முட்டைக்கோசு என்றால் உயிர்; அதையும் நிறுத்தினாய். இரண்டு அடுப்பு எதற்கு என்று சொல்லி, எனக்கு வைத்த அதே பத்தியச் சாப்பாட்டை நீயும் சாப்பிட்டாய்.

அன்றைக்கு உன் தம்பி வந்திருந்தபோது, டிபன் பாக்ஸை மேசையில் கவிழ்த்து, உங்க அக்கா எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷம் வைக்கிறாப்பா என்றேன். அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உன் முகத்தைப் பார்த்தான். நீ குனிந்து சிந்தியதை அள்ளினாய். காலையில் அந்த டப்பாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளுக்குப் பிரசவ நேரம் என்று கிளம்பினாய். பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. டப்பா இன்னமும் அங்கேயேதான் கவிழ்ந்திருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு வலி தாங்காமல் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணக்கு வாத்தியார்தான் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனார். அவர் கையால் அந்த உதவியும் எனக்கு நேர வேண்டியிருந்தது. டாக்டர் என்னிடம் படித்த பெண். என் பாடத்தில் ஐம்பது மார்க்கைத் தாண்டாதவள். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள், ரத்தம் எடுத்தாள். அப்பாவுக்கு வந்தது எனக்கு இல்லை. அதைக் கேட்டதும் அழுகை வந்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தேன்.

மூன்று வாரம், வாயில் போடுவது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னாள். எழுதினேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, சார், எல்லா நாளும் அதே மாதிரி சாப்பாடுதான், ஆனா ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்க வயிறு லீவு எடுத்துக்குதே என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் நீயும் இதையேதான் சொன்னாய். லீவு நாளில் அதே அடுப்பு, அதே கை, அன்னைக்கு மட்டும் ஏங்க ஒண்ணும் செய்யலை, பள்ளிக்கூடத்தில வேற என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டாய். நம்ம ரெண்டு பேர்ல யாரு கெமிஸ்ட்ரி படிச்சது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

எழுதாம எதையாவது விட்டுட்டீங்களா சார் என்றாள் டாக்டர். நான் இல்லை என்றேன். என் சட்டைப் பையைப் பார்த்தாள். மிட்டாய்க் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பும் சர்க்கரையில்லாத புதினா மிட்டாய். அப்பாவை மூன்று வருடம் நீயும் நானும் புரட்டிப் போட்டுத் துடைத்தோம். எல்லாம் முடிந்து நாலாம் நாள் வந்து இறங்கி, கூடத்தில் அத்தனை பேர் முன்னால், நல்ல டாக்டர்கிட்ட காட்டியிருந்தா பிழைச்சிருப்பாரு என்றவன். அன்றோடு பேச்சை அறுத்தேன். அவன் மட்டும் மாதத்துக்கு ஒரு பெரிய டின் அனுப்புவதை நிறுத்தவில்லை. பியூனிடம் கொடுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். முதல் டின்னைத்தான் கொடுத்தேன். மற்றதெல்லாம் ஆய்வகத்து அலமாரியில், அமிலப் பாட்டில்களுக்குப் பின்னால் இருந்தன. பிள்ளைகள் அங்கே ஒரு பிஸ்கட் தின்றால் வெளியே நிறுத்துகிற நான், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் பதினைந்து, இருபது என்று சப்பிக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதே. அவன் தருவதை அவனுக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதில் இனிப்புக்குப் போடும் சரக்கு குடலில் சரியாகச் சேராது, அங்கேயே புளித்துக் காற்றாகும். டின்னின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது, அதிகம் தின்றால் வயிறு உப்பும் என்று. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்தச் சரக்கின் மூலக்கூற்றை வரைந்து காட்டுகிறவன் நான். டின்னை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த நோட்டில்கூட அதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அண்ணன் மிட்டாய் என்று எழுதியதுபோல் ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

நிறுத்தி இருபத்து மூன்று நாள். பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. வெங்காயம், பால், பயறு, எல்லாம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் செய்யவில்லை. எதைச் சாப்பிட்டாலும் செரிக்கிறது. தட்டுக்கு எதிரே யாரும் இல்லை. அண்ணனை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது. ஆனால் அவன் கூடத்தில் வைத்து உன்னையும் என்னையும் சொன்னதை, நான் மேசையில் வைத்து உன்னைச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

வா என்று எழுதி அடித்தேன். நீ தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாய் என்பதால் வேறு தாளில் முழுவதையும் திரும்ப எழுதியிருக்கிறேன். பேரனுக்கு என் ஆசி. குழாயைச் சரிசெய்ய நாளை ஆள் வருகிறான். அங்கே கடைக்குப் போனால் ஒரு முட்டைக்கோசு வாங்கு. மகளுக்கு, மாப்பிள்ளைக்கு என்று இல்லாமல், உனக்கென்று சமைத்து வயிறாரச் சாப்பிடு.

அடியில் என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். உன் கணவன் என்று போட, அதை நீ சொல்ல வேண்டும். வெறும் பெயரைப் போட்டால் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. கையெழுத்து உனக்குத் தெரியும். ஒன்றும் போடாமலே தபால்பெட்டியில் சேர்த்துவிடப் போகிறேன்.