பால்கட்டு என்றார்கள்

அக்கா,

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பால் கட்டிக்கொண்டதென்று மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயல்குடியில் உன் மாமியார் வீட்டிலும் இதே பூதான். நீ உண்டாகியிருந்த ஏழாம் மாதத்திலேயே உன் வலது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. "பால் ஊறுது, வேறென்ன?" என்றார் மாமியார். பிள்ளை பெற்றவராம், அதனால் வைத்தியமும் தெரியுமாம். அத்தான் அதற்கும் மேலே. பெண்கள் சமாச்சாரம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவார். இவ்வளவு கூச்சப்படுகிறவர் எப்படித்தான் தகப்பன் ஆனாரோ!

மகள் பிறந்தபின் இரண்டு மார்பும் பருத்துக் கல்லாயின. குழந்தை சப்பிச் சப்பி அழுதது. பூவை வைத்து இறுக்கிக் கட்டினார்கள்.

"பால்கட்டுன்னா வலியில உசுரு போகும்னு சொல்வாகளே அத்தை. எனக்கு வலிக்கவே இல்லையே?" என்று நீ கேட்டாய்.

"வலிக்கலைன்னா சந்தோசப்படு" என்றார் அந்த மேதை.

நான் வந்து சண்டை போட்டுத்தான் உன்னை மதுரைக்குப் பஸ் ஏற்றினேன். சதையை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, இது வழக்கமான மார்புப் புற்று இல்லை, லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று, மார்பில் வருவது அபூர்வம் என்றார். முன்பே வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். இப்போது வயிறுவரை பரவிவிட்டது என்றும் சொன்னார். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டிய தலையோடு மகளுக்குப் புட்டிப்பால் புகட்டிக்கொண்டே, "இவள அங்கன விட்டுறாதடி" என்றாய். அவள் தவழ்வதற்குள் போய்விட்டாய்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "அபூர்வ வியாதியாம்ல, நாம என்னத்தக் கண்டோம்? மகராசி, பூவும் பொட்டுமா போயிட்டா" என்றார். நோய் அபூர்வம்தான். இந்த மாதிரி மனிதர்கள் தெருவுக்குத் தெரு கிடைக்கிறார்கள்.

வருடம் திரும்புவதற்குள் அத்தானுக்கு மறுகல்யாணம். இத்தனை காலம் கழித்து, போன மாதம், இளையதாரம் பெற்ற பெண்ணின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். உன் மகள் உள்ளேதான் இருந்தாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னமும் எங்க மேல கோவமா?" என்றார்.

"கோவப்படணும்னா எதுத்தாப்புல ஒரு மனுசன் இருக்கணும்ல, அத்தான்."

பத்திரிகையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மன்னித்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உன் மகளை வளர்த்தது போலவே இந்த வெறுப்பையும் வளர்த்திருக்கிறேன், அக்கா. இரண்டும் நல்ல ஆரோக்கியமாக இருக்கின்றன.