பெட்டி மாறிப் போட்ட சீட்டு

சேசு மரி சூசை துணை

அன்பு மகன் மரிய அருளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தின்று தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே சுகம் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் உன்னோடு எல்லைக் காவல் படகில் இருக்கும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். புதன்கிழமை நீ போனில் பேசியபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் கடிதம்.

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, கழனியில் தண்ணீர் நின்று நட்டதில் பாதி அழுகிவிட்டது. அப்பாவுக்கு முட்டிவலி, மதகடிப்பட்டுக்குப் போய் மருந்து வாங்கி வாருங்கள் என்றால் நாளைக்கு நாளைக்கு என்கிறார், எனக்கும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. போன வாரம் டிவியில் உங்கள் குஜராத் பக்கத்துக் கடற்கழியில் ரோந்துப் படகு துரத்தியபோது துப்பாக்கிச் சூடு என்று சொன்னார்கள். நீ ரோந்து போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது, ஒரு தகவலும் இல்லை. அந்தச் சேறும் தண்ணீரும் யாருடையது என்று இரண்டு நாடும் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நீதான் சொன்னாய். நம் கழனிக்காவது ஒரு வரப்பு இருக்கிறது, தண்ணீரில் எதைப் பார்த்தடா காவல் காக்கிறீர்கள்.

அந்தப் பயத்தில் ஒரு சீட்டில் 'கடலில் இருக்கும் மரிய அருளுக்காக' என்று எழுதிக் கோயில் வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இது நவம்பர், ஆத்துமாக்கள் மாதம், வாசலில் இருப்பது செத்தவர்கள் பேரைப் போடுகிற பெட்டி, வேண்டுதல் பெட்டியை உள்ளே தள்ளி வைத்துவிட்டார்கள் என்பது என் புத்திக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ரோஸ்லின் டீச்சர்தான் இறந்தவர்கள் பேரை வாசித்தாள். ஜூனில் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள், ஊரில் யார் யார் என்று அவளுக்குத் தெரியாது. கடலில் செத்துப்போனவன் என்று நினைத்து உன் பேரையும் வாசித்துவிட்டாள். சீட்டை எழுதியவள் நான், இந்தக் கையால் எழுதினேன், அருள். ஆனாலும் அந்த நேரம் அது ஞாபகத்துக்கே வரவில்லை, டீச்சருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்றே நினைத்தேன். அப்பா எழுந்தவர் உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் ஊரே வாசலில் கூடிவிட்டது. எழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று அடுத்த வீட்டு அமுதம் குண்டான் நிறையச் சோறாக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ரோஸ்லின் ஓடிவந்து அந்தச் சீட்டைக் காட்டிய பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆக்கிய சோற்றை வீணாக்குவானேன் என்று வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதிலும் இரண்டு பேர் குழம்பில் உப்புக் கம்மி என்றார்கள். டீச்சர் பாவம், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தப்பு என்னுடையதுதான் என்று அவளிடம் சொன்னேன். சீட்டைக் கண்ணால் பார்த்தும், புதன்கிழமை உன் குரல் கேட்கும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வேலையை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போன மாதம் போடு என்று சொன்னவள் நான்தான், யூனிஃபார்மில் உன்னைப் பார்க்கிற பெருமையில் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அப்பா கரும்பில் நின்ற தண்ணீரை வடிக்கப் போன இடத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "போதும்டி மேரி, அவன வூட்டுக்கு வரச் சொல்லு. அந்தப் பேர இன்னொரு வாட்டி அப்டிக் கேக்க என்னால ஆவாது" என்றார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் என்னால் ஆகாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் ஆகாது. கையெழுத்துப் போடாதே.

ஈரத் துணியோடு நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால் எனக்கு மட்டும் சொல். அப்பாவிடம் கொஞ்ச நாள் கழித்து நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா
அந்தோணி மேரி