கிளம்பாத கப்பல்

என் அன்பிற்குரியவருக்கு,

கார்த்தஹேனா நகரத்தை விட்டு வெளியேறி, பக்கத்து ஊரான துர்பாக்கோவில் இருக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

முற்றுகையின்போது பழைய ஆளுநர் தினமும் கோட்டைச் சுவரில் நின்று, "ஜமைக்காவுலேர்ந்து மாவுக் கப்பல் கிளம்பிடுச்சு" என்பார். குதிரைத்தோலை வேகவைத்துத் தின்றபடி நம்பினோம். அப்பாவும் அதில்தான் வருகிறார் என்று நம் தொமாசா சிரித்துக்கொண்டே தூங்குவாள்.

அந்த ஆளுநர் காய்ச்சலில் இறந்தார். புதிதாக வந்த ஆளுநர் சதுக்கத்தில் தொப்பியைக் கழற்றி நின்றார். "கப்பல் எதுவும் கிளம்பவே இல்ல. நடக்கத் தெம்பு இருக்கறவங்க வெளிய போய்ப் பிழைச்சுக்கோங்க."

பக்கத்து வீட்டு இலாரியா காறித் துப்பினாள். "செத்துப்போன மனுசன் மழைக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருந்தா எல்லாருக்கும் தெம்பு இருந்திருக்கும்."

"அப்பா வர்றதும் பொய்யாம்மா?" என்றாள் தொமாசா.

"இல்லடி. அப்பா வர்ற கப்பல் வேற."

அவளைத் தோளில் சுமந்து கோட்டை வாசலைக் கடந்தேன். சதுப்பு நிலத்தில் பாதி தூரம்வரை அந்தக் கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பேச்சு நின்ற பிறகும் அவளை இறக்கிவைக்காமலே நடந்தேன்.

இங்கே எல்லோரும் புதியவரை வாழ்த்துகிறார்கள். அவரால்தான் பிழைத்தேன், நானும் வாழ்த்துகிறேன். பழையவரைச் சபிக்கத்தான் வாய் வரவில்லை. எங்களைப் பட்டினியில் உட்காரவைத்தவர் அவர். பிள்ளையைச் சிரிக்கவைத்தவரும் அவரே.

தொமாசாவின் சட்டைகளை இலாரியா தன் பிள்ளைக்குக் கேட்டாள். நீங்கள் வந்தபின் கொடுக்கலாம் என்றேன்.

உங்கள் மனைவி