சுவர் பேசியதா என்று அண்ணன் கேட்டால்

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகும் உச்சந்தலையில் கயிற்றுத் தடத்தோடு தூங்கிப்போகும் என் அம்மாவுக்கு,

யோகா அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடைசியாக நீ கேட்டதும் அவனைத்தானே.

இன்னும் பதுளைச் சிறையில் ரிமாண்டில்தான் இருக்கிறான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, நடுவில் ஒரே சுவர் இருக்கும் பக்கத்துக் காம்பரா முத்தையா மாமாவின் கையை வெட்டினானே, அன்றைக்குப் போனவன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமா தன்னை ஏசிக்கொண்டே இருக்கிறார் என்று நம்மிடம் சொன்னதையேதான் பொலிஸிடமும் சொன்னான்.

மகனுக்கு ஏதாவது சுகவீனம் உண்டா என்று நீதவான் கேட்டபோது நீ எழுந்து நின்றது எனக்கு மறக்கவில்லை. திருவிழாச் சேலை கட்டியிருந்தாய். "என் மகனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க ஐயா. கோவக்காரன், அவ்வளவுதான்" என்றாய். பைத்தியம் என்ற பேர் சுவரோடு சுவர் ஒட்டிய லயத்துக்குள் ஏறிவிட்டால் இறங்காது என்று உனக்குத் தெரியும். என் கல்யாணமும் உன் மனதில் இருந்திருக்கும். கோர்ட் உன் பேச்சை நம்பியது. கோபக்காரனாகவே அவனை உள்ளே வைத்தது. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

உன்னை அடக்கம் செய்த பிறகு லோயரோடு போய், அதே இடத்தில் நின்று, நீ சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். இப்போது மாத்திரை கொடுக்கிறார்கள். அவனோடு உட்கார்ந்து தமிழிலேயே பேசி ஆலோசனை சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ் இருக்கிறார். காவலர் விலங்கோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார். என்னையும் உள்ளே கூப்பிடுவார்கள்.

"சுவருல இருந்து சத்தம் ஏதும் வராதுதானே?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அம்மா. "லயத்துக்கு வந்து பாருங்க மிஸ். அந்தப் பக்கம் மொளகா வறுத்தா இந்தப் பக்கம் நாங்க தும்முவோம்" என்றேன். மாமாவின் குறட்டை, அத்தையின் புலம்பல் எல்லாம் கேட்குமே. சில நாள் அவர்கள் நம்மை ஏசியதும் உண்மைதானே.

மிஸ் தான் எழுதியிருந்ததை அடித்துவிட்டார். பிறகு சொன்னார்: "அப்ப ஒண்ணுமே இல்லன்னு அவருக்கிட்டச் சொல்லக்கூடாது. பக்கத்துல ஒரு ஆள் வேணும். ஒனக்கும் கேக்குதான்னு அவர் கேட்டா, உள்ளத உள்ளபடி சொல்ற ஆள்."

அவன் உன்னைக் கேட்பானே, நினைவிருக்கிறதா? "அம்மா, கேக்குதா?" என்பான். களைத்து வந்த நாளில், "ஒண்ணுமில்லடா, தூங்கு" என்பாய். பீலிக் குழாயில் தண்ணீருக்கு அத்தையோடு சண்டை போட்டு வந்த நாளில், "ஆமாடா, ஏசுறா. ஏசட்டும்" என்பாய். எதுதான் நிஜம் என்று அவன் எப்படிக் கண்டுபிடித்திருப்பான்?

வழக்கின் அடுத்த தவணைக்கு, அவனைப் பொறுப்பெடுத்து கிளினிக்குக் கூட்டி வர வீட்டில் ஆள் உண்டா என்று கேட்பார்களாம். எழுந்து நிற்கப் போகிறவள் நான்தான். ஆனால் அவன் திரும்பி வருவது அதே சுவருக்குப் பக்கத்தில். அதனால் மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"வரட்டும்டி," என்றார் அத்தை, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்காக நாங்க வாயக் கட்டிக்கிட்டா குடியிருக்கிறது?"

மாமா தன் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சந்தேகம் வந்தா செவுத்தத் தட்டி என்னையே கேக்கச் சொல்லு புள்ள. ஏசுனா ஏசுனேன்னு சொல்லிப்புடுறேன்."

"ஆமா, சொல்லிப்புட்டு மத்தக் கையையும் நீட்டு" என்றார் அத்தை. மாமா மட்டும் சிரித்தார். அது சம்மதமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று இருக்கிறது. உன் சாவுக்கு அவனைக் கொண்டுவரவில்லை. சிறைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, நீ செத்ததை நான்தான் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். போன கிழமை, மிஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே, சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, அம்மா கூப்புடுது. வெளியதான் நிக்குது. ஒனக்குக் கேக்குதா?"

கேட்டுவிடாதா என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? காதைக் கொடுத்துக் கேட்டேன். தகரத்தில் மழை. காவலரின் சப்பாத்துச் சத்தம்.

"இல்லண்ணே. எனக்குக் கேக்கல."

விலங்கு போட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அம்மா செத்தது நெசந்தான்" என்றான். பிறகு அழுதான். உனக்காக அவன் அழுதது அதுதான் முதல் தடவை. அழுதது நல்லது என்றார் மிஸ். இருக்கலாம். பஸ்ஸில் வரும்போது எனக்கு அது நல்லதாகத் தெரியவில்லை.

அவனை விடுவார்களோ, மாட்டார்களோ. விட்டால், அந்தச் சுவரோரம் என் பாயைப் போட்டுக்கொள்வேன். எப்போது கேட்டாலும், கேட்டதைக் கேட்டது என்றும் கேட்காததைக் கேட்கவில்லை என்றும் சொல்வேன். களைத்திருந்தாலும், யாரோடு கோபமாயிருந்தாலும் அப்படியேதான் சொல்வேன். அது உன் குரல் என்று அவன் சொன்னாலும்தான், அம்மா.

அவனுக்கு ஒரே தங்கச்சி,
உனக்கு என்றும் சின்னவள்,
மேனகா