அடி அண்ணாமலையை விட்டுவிடு

கீழ்பென்னாத்தூர்
9.1.2002

அன்புள்ள எழில்,

இங்கே அனைவரும் நலம். நீ நலம் என்பது உங்கள் நிறுவனத்தின் புதுவருட இதழிலேயே தெரிந்தது. நீ மைக் முன்னால் நிற்கும் படம் நன்றாக வந்திருக்கிறது. சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சந்தோஷத்துக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே சைக்கிளில் கிராமங்களுக்குப் போனோம். நான் இன்னும் அதே சைக்கிளில்தான் போகிறேன். வயிறு எரிந்தது என்றால் கோபித்துக்கொள்வாயா?

மார்ச்சோடு நம் செங்கம் சாலை அலுவலகத்தை மூடுகிறார்கள். வெளிநாட்டு நிதி நின்றுவிட்டது. நம் இயக்குநர் சார், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறார். விழுப்புரத்துக்குக் களப்பொறுப்பாளர் தேவை என்று உங்கள் நிறுவனத்தின் விளம்பரம் பார்த்தேன். விண்ணப்பிக்கலாமா?

எட்டு வருடம் உழைத்திருக்கிறேன். ஆனால் பயோடேட்டா எழுத உட்கார்ந்தால் பெயர், ஊர், பி.ஏ. தமிழ், அதற்குமேல் எதுவும் வரவில்லை. நம் அறிக்கைகளில் ஆள் பெயர் போடும் வழக்கமே இல்லையே. எல்லாமே மகளிர் சங்கம் செய்ததுதான். எப்படி எழுதுவது, சொல்.

உன்
மணிமொழி


சென்னை
17.1.2002

அன்பு மணி,

என்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது, பைத்தியமே! கட்டாயம் விண்ணப்பி.

இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதே. அப்பா பெயர், சாதி, கல்யாணம் ஆயிற்றா இல்லையா, எதுவும் வேண்டாம். 'விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்' என்று எழுதினால் இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லா விண்ணப்பத்திலும் அதுதான் இருக்கிறது. எத்தனை ஊர், எத்தனை சங்கம், அதில் எத்தனை பெண்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார்கள் என்று எண்ணிக்கை போடு. விளம்பரத்தில் அவர்கள் கேட்டிருப்பதை வரிவரியாகப் படித்து, அதற்கு உன் வேலையில் எது பதிலோ அதை மேலே கொண்டுவா. சங்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளாதே, நீ செய்ததை எழுது. விசாரிப்பதற்கு இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் கேட்பார்கள். உன் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

அடி அண்ணாமலை விஷயத்தை மட்டும் விட்டுவிடு. கிரிவலப் பாதையில் சங்கப் பெண்களின் பௌர்ணமிக் கடைக்கு இடம் கேட்டுக் கலெக்டர் ஆபீஸில் போய் நின்றதெல்லாம் இங்கே தகராறு மாதிரித் தெரியும். தேர்வுக்குழு பயந்துவிடும்.

அன்புடன்
எழில்


கீழ்பென்னாத்தூர்
20.2.2002

அன்புள்ள எழில்,

நேற்று நேர்முகத் தேர்வுக்குச் சென்னை வந்துபோனேன். நீ வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

நீ சொன்னபடியே எழுதியிருந்தேன். அடி அண்ணாமலையை விட்டுவிட்டேன். விசாரிக்க வங்கி மேலாளர் ஒருவரைக் கொடுத்தேன். சார் ஊரில் இல்லாததால் இன்னொருவராக அடி அண்ணாமலைக் கன்னியம்மாளைப் போட்டேன். என் வேலையைச் சங்கத் தலைவியைவிடக் கண்ணால் பார்த்தவர் யார்? அவள் ஊர்க் காசியின் எஸ்.டி.டி. பூத் நம்பரைக் கொடுத்திருந்தேன். தேர்வுக்குழுவில் இருந்த உங்கள் அருணாதேவி மேடம் நிஜமாகவே கூப்பிட்டிருக்கிறார். கன்னியம்மாள் அரைமணி நேரம் பேசினாளாம். மேடம் குறித்துவைத்து வாசித்தார்:

"எங்க வூட்டு வாசல்லயே வெளியூரான் கயிறு கட்டி எடம் புடிச்சிடுவான். பௌர்ணமிக்கு நாங்க இட்லிக் கடை போட எடமில்ல. பதினோரு திங்கக்கெழம மணிதாங்க எங்ககூட மனு குடுக்க வந்துச்சு, எடம் கெடைக்கிற வரைக்கும். நீங்க வேல குடுக்காட்டி போங்க, நாங்களே வச்சிக்கிறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். "இதை ஏன் எழுதவில்லை?" என்று மேடம் கேட்டார். பிறகு இன்னொருவரின் பழைய பயோடேட்டாவை எடுத்து, பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, "இதே பதினோரு வாரம் இவருடையதிலும் இருக்கிறதே" என்றார். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அது உன் ஆங்கிலம்.

"அறிக்கை எழுதியது எழில். திங்கட்கிழமைகளில் போனது நான்" என்றேன். சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அதற்காகவே காத்திருந்தவள்போல் இருந்தது.

உனக்கு அங்கே என்ன ஆகுமோ தெரியவில்லை. கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருப்பேன். ஏன் எழில்?

மணிமொழி


சென்னை
6.3.2002

மணிமொழிக்கு,

உன் நியமன உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. தபாலில் வரும். ஏப்ரல் முதல் தேதி விழுப்புரத்தில் சேர வேண்டும். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ரெஸ்யூமைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். 'அறிக்கை தயாரித்தல்' என்று மாற்றிக் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்டாய். அந்தத் திங்கட்கிழமைகளில் ஒரு நாள் நானும் கேமராவோடு வந்தேன், நினைவிருக்கிறதா? நீ மனுவை டைப் அடிக்கப் போயிருந்தாய். கன்னியம்மாள் என்னைப் பார்த்து, "மணி வரலியாம்மா? நீ போட்டோ புடிக்கிற பொண்ணுதான, கொஞ்சம் அப்டி ஓரமா நில்லு" என்றாள். ஓரமாகத்தான் நின்றேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் உன்னைத்தான் கேட்பார்கள். இங்கே விண்ணப்பித்தபோது அறிக்கையில் யார் பெயரும் இல்லாதது வசதியாகப் போயிற்று. என் பெயரைப் போட்டுக்கொண்டேன். பிறகு பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ முறை அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். நான் நிற்காத அந்த வரிசையில் கால் வலித்ததுகூட எனக்கு நினைவிருந்தது. நீ இங்கே விண்ணப்பிக்கிறாய் என்றதும் பயந்துபோய் அதை விடச் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய கடிதம் இது. கேட்கிறேன். ஆனாலும் உனக்குப் பொய் எழுதி அலுத்துவிட்டது, அதனால் இதையும் எழுதுகிறேன். கன்னியம்மாள் அரைமணி நேரம் பேசினாள் என்ற இடத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் தாங்க முடியவில்லை. எனக்காகப் பேசிய இரண்டு பேரும், நேரத்துக்கு வருவார், நல்ல ஆங்கிலம் என்று சொன்னதோடு சரி.

விழுப்புரம் என் மேற்பார்வையில் இருந்தது. மதுரைக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன், நீ சேர்வதற்குள் கிடைத்துவிடும். இதற்குப் பதில் எழுதாதே, மணி. நீ நல்லவிதமாக எழுதிவிடுவாய்.

எழில்