சம்பந்திக்குக் காய்ச்சிய பியர்

அண்ணை,

இன்று காலை பொயிலர் திருத்த வந்தவர் அலுமாரிக் கதவைத் திறந்தார். ஓரடி பின்னால் போய், உள்ளே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். தோசை மா. பொயிலர் சூட்டில் பொங்கட்டும் என்று அரைத்து உள்ளே வைத்து மறந்துபோனது. அந்தப் புளித்த வாசம் என்னை 2009இல், லண்டன் நோர்பரியில், உங்கள் வீட்டு மாடிப்படியில், பொயிலர் அலுமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்த மகளின் பதிவுத் திருமணத்துக்கு நீங்கள் ஜெர்மனிக்குப் போகவில்லை. மாப்பிள்ளை வெள்ளைக்காரன். இளமையெல்லாம் அந்த நாட்டு உணவகங்களில் கோப்பை கழுவி, அவர்களின் டொச் மொழியும் பழகி, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு லண்டன் வந்த உங்களுக்கு, அந்த நாட்டவன் எப்படி ஆகாமல் போனான் என்று நான் கேட்டதில்லை. நம்மவர்களிடம் கேட்கக்கூடாத கேள்விகளில் அதுவும் ஒன்று. அதன்பின் மகள் தாயோடு மட்டும்தான் பேசினாள். அந்த வருடம் ஈஸ்டருக்குக் கணவனோடும் மாமனாரோடும் வருவதாகச் சொன்னதும் தாயிடம்தான்.

அந்த மாமனார் ஊரில் குடிக்கும் செந்நிற லாகர் பியரை உங்கள் கையாலேயே காய்ச்சி வைக்கப்போவதாக அறிவித்தீர்கள்.

"மன்னிப்பெண்டு டொச்சிலை சொல்ல எனக்குத் தெரியும், ஐசே. வாய்தான் வராது."

நம் இருவருக்கும் அது முதல் தடவை. நூலகப் புத்தகத்தை நான் வாசிக்க, முளைகட்டி வறுத்த பார்லியைச் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வாங்கிய கிடாரத்தில் நீங்கள் ஊறவைத்தீர்கள். கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டபோது நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்ன, வேப்பம்பூ வடகமோ?"

"சம்பந்திக்கு."

"ஏன், அவருக்குப் பித்தமோ?"

லாகரின் ஈஸ்ட் குளிரில்தான் நிதானமாக வேலை செய்யும் என்றது புத்தகம். காய்ச்சிய சாற்றை ஈஸ்ட்டோடு ஒரு வாளியில் ஊற்றித் தோட்டத்துக் கொட்டிலில் வைத்தோம். லண்டனில் இலவசமாகக் கிடைப்பது குளிர் ஒன்றுதான்.

நீங்கள் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் அக்கா மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். பொங்கவில்லை. குளிரில் மா பொங்காவிட்டால் இங்கே நம் வீடுகளில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்: வாளியைப் போர்வையால் சுற்றி, பொயிலர் அலுமாரிக்குள், தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தார். நாம் கண்டுபிடித்தபோது இரண்டும் பிரமாதமாகப் பொங்கியிருந்தன.

"இஞ்சாருங்கோ, உங்கட சாமான் பொங்கிட்டுது. குளிருக்கை விட்டா எப்பிடிப் பொங்கும்?"

அக்காவின் முகத்தில் அவ்வளவு பெருமை. "ஓம், நல்லது" என்றீர்கள். திரும்பக் காய்ச்ச நாளும் போதாது.

ஈஸ்டருக்கு வந்த மகள் உங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு மேசையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். சம்பந்தி கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு மிடறு குடித்து, டொச்சில் ஏதோ கேட்டார். அதில் 'பனானே' என்ற சொல் எனக்கே விளங்கியது. சூட்டில் பொங்கினால் பியரில் வாழைப்பழ வாசம் வரும் என்று புத்தகத்திலும் இருந்தது.

அக்காவுக்கும் விளங்கிவிட்டது. "வாழைப்பழம் எண்டு என்ன சொல்லுறார்?"

மனைவி கெடுத்துவிட்டாள் என்று டொச்சில் ஒரு வரி சொல்லியிருந்தால் உங்கள் பியரின் மானம் தப்பியிருக்கும். நீங்கள் தமிழில் சொன்னீர்கள்:

"சாப்பிட்டாப் பிறகு வாழைப்பழம் இருக்கோ எண்டு கேக்கிறார்."

அக்கா சந்தேகத்தோடு மகளைப் பார்த்தார். மகள் உங்களைப் பார்த்தாள்.

"ஓமம்மா. அவருக்கு வாழைப்பழமெண்டா உயிர். அப்பா சரியாத்தான் சொல்லுறார்."

'அப்பா' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து வருடங்கள் ஆகியிருந்தன. நீங்கள் தலையைக் குனிந்து, அந்தப் பியரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள். அக்கா ஒரு சீப்போடு வந்தார். சம்பந்தி தான் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்த பழத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

நீங்கள் போய்ச் சேர்ந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கும் சம்பந்தி வந்திருந்தார். அழுது வீங்கிய கண்களோடு அக்கா மறக்காமல் முதல் பழத்தை அவர் இலையில் வைத்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் என் இலையைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பொய்யை இப்போது நாங்கள் இரண்டு பேரும்தான் காத்து வருகிறோம், அண்ணை. அக்காவுக்கு இன்னும் தெரியாது. சம்பந்திக்கு வாழைப்பழம் உண்மையில் பிடிக்குமா என்று எனக்கும் தெரியாது. அக்கா வைக்கும்போதெல்லாம் உரித்துச் சாப்பிடுகிறார்.